பாம்புத்தாராவும் புலவரின் பின்புறமும்

வேங்கைமங்கலம் ராஜா முத்துவிஜய பூபதிக்குப் புதிதாக ஒரு பித்துப் பிடித்திருந்தது. புகைப்படப் பித்து. அதற்கு முன்னால் வீணைப் பித்து இருந்தது. அரண்மனைவாசிகள் எப்படியோ உயிர் தப்பியிருந்தார்கள்.

பட்டணத்தில் நீர்ப்பறவைப் படங்களுக்கென்று ஒரு கண்காட்சி நடக்கப்போவதாகக் கேள்விப்பட்டார் ராஜா. மறுநாள் காலையிலேயே கேமராவோடு ஏரிக்கரைக்குக் கிளம்பிவிட்டார். ராஜா தனியாகப் போக முடியுமா? திவான் பீமசேன ராவ் முதற்கொண்டு சபை மொத்தமும் பின்னாலேயே போயிற்று. போய், கேமராவுக்கு முன்னால் நின்றுகொண்டது.

ஆஸ்தானப் புலவர் திருமேனியாரும் போனார். பெயருக்கேற்ற மேனி. "நான் தனி ஆள் இல்லை, ஒரு சிறு கூட்டம்" என்று அவரே சொல்லிக்கொள்வார்.

ஏரி முழுக்க நாரையும் கொக்கும் நீர்க்காகமும் கல்யாணப் பந்தி மாதிரி நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. அந்த அமளிக்கு நடுவே, பட்டுப்போன ஒரு கிளையில், பாம்பு மாதிரி கழுத்தை வளைத்து ஒரு பாம்புத்தாரா உட்கார்ந்திருந்தது. நனைந்த சிறகுகளை அகல விரித்து வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தது. ராஜாவுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார்.

"யாரும் அசையாதீர்கள்!"

அந்த நேரம் பார்த்துப் புலவரின் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்கக் குனிந்தார். கேமராவில் படமும் விழுந்துவிட்டது.

படத்தைப் பாய் அகலத்துக்குப் பெரிதாக்கிச் சபையில் வைத்தார்கள். மேலே ஒரு மூலையில் பாம்புத்தாரா, உள்ளங்கை அளவுக்கு. அதைச் சுற்றி எண்ணில்லாத பறவைகள். கீழே சபையோர் தலைகள். அவர்கள்மேல் ராஜாவின் நிழல், தலைக்குமேல் சேவகன் பிடித்திருந்த குடையோடு சேர்ந்து நீளமாகப் படிந்திருந்தது. நட்டநடுவில், பூரண நிலவு போல, புலவரின் பின்புறம்.

சபை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. புலவர் வாயைப் பொத்தாமலே சிரித்தார். வேறென்ன செய்வது?

"பறவை மட்டும் இருக்கும்படி வெட்டிவிடலாம், மகாராஜா" என்றார். முதல் வெட்டு எங்கே விழவேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

திவான் துள்ளி எழுந்தார். ஆயுளில் இந்த ஒரு படத்தில்தான் அவர் முகம் லட்சணமாக விழுந்திருந்தது. போதாததற்குப் புலவரின் பின்புறம் பட்டணம் வரைக்கும் போய்வர வேண்டும் என்று அவருக்கு ஆசை.

"மகாராஜா எடுத்த படத்தை வெட்டுவதா? மகாராஜாவின் நிழலே அதில் விழுந்திருக்கிறது! நிழலை வெட்டினால் என்ன, நிஜத்தை வெட்டினால் என்ன?"

ராஜா யோசித்தார். "உண்மைதான். படத்தில் ஒரு நூலிழைகூட வெட்டக்கூடாது. ஒரு தலையும் போகக்கூடாது. ஆனால் பார்க்கிறவன் கண்ணில் என் பறவை மட்டும்தான் பட வேண்டும். புலவரே, யோசனை சொன்னவர் நீர். நாளைக்குள் செய்து காட்டும். முடியாவிட்டால் ஆஸ்தானப் பட்டத்தைத் திவானிடம் ஒப்படைத்துவிடும். படம் இப்படியே பட்டணம் போகும்."

புலவர் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கூடத்தில் விரித்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்து, வெற்றிலைத் தட்டோடு அதன் எதிரே உட்கார்ந்தார். எங்கே பார்த்தாலும் கண் ஒரே இடத்துக்குத்தான் போயிற்று. பொறுக்கமுடியாமல் ஒரு வெற்றிலையை எடுத்து அந்த இடத்தின்மேல் வைத்தார். போதவில்லை. இன்னும் நாலைந்து வைத்தார். மனசுக்குக் கொஞ்சம் நிம்மதி. பக்கத்திலேயே திவானின் முகம் இளித்துக்கொண்டிருந்தது. அதற்கும் ஒரு வெற்றிலை. கை ருசி கண்டுவிட்டது. தட்டு காலியானபோது படத்தில் பாம்புத்தாரா மட்டும் பாக்கியிருந்தது.

"அடி மீனாம்பா!" என்று மனைவியைக் கூப்பிட்டார். "எனக்கும் மூளை இருக்கிறதடி!"

"அப்படியா? முதலில் வெற்றிலையைத் திருப்பி வையுங்கள்" என்றாள் அவள்.

மறுநாள் படம் சட்டமிட்டுச் சபைக்கு வந்தது. படத்தின்மேல் அதே அளவுக்கு ஒரு கெட்டியான வெள்ளை அட்டை. அட்டையில் மட்டும் சின்னதாக ஒரு ஜன்னல் வெட்டியிருந்தது. ஜன்னலுக்குள் பாம்புத்தாரா, சிறகு விரித்து, உலகத்திலேயே தான் ஒருத்திதான் என்பது போல.

ராஜா எழுந்தே நின்றுவிட்டார்.

"என் தலை எங்கே?" என்று கத்தினார் திவான்.

"கழுத்தின்மேல்தான் இருக்கிறது. அட்டையைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளலாம். நான் வெட்டியது அட்டையை, படத்தை இல்லை."

"மகாராஜாவின் நிழலையே மறைத்துவிட்டீரே! அது ராஜத்துரோகம் இல்லையா?"

"திவான் அவர்களே, நாம் எல்லோரும் மகாராஜாவின் நிழலில் பிழைக்கிறவர்கள். படத்திலும் அப்படித்தான் நிற்கிறோம். நிழலைக் காட்டினால் நம்மையும் சேர்த்துக் காட்டவேண்டும். அந்தப் பறவை ஒன்றுதான் தன் சொந்த வெயிலில் காய்கிறது. அதனால் அதை மட்டும் விட்டுவைத்தேன்."

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். திவானுக்கு முகம் கறுத்தது. ஒரு சிரிப்பாவது தன் பக்கம் விழட்டும் என்று சட்டென்று அட்டையைத் தூக்கினார். நட்டநடுவில் விரலை வைத்தார்.

"இதற்கு என்ன சொல்கிறீர், புலவரே? நன்றாகப் பாரும்!"

சபை கொல்லென்று சிரித்தது. புலவர் கிட்டே போய், தலையைச் சாய்த்து, நிதானமாகப் பார்த்தார். பிறகு திவானை நோக்கிக் கைகூப்பினார்.

"மன்னித்துக்கொள்ளுங்கள், திவான் அவர்களே. இத்தனை வருஷமாக நீங்கள் என் முதுகுக்குப் பின்னால் பேசிவருகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பாவம், எதைப் பார்த்துக்கொண்டு பேசினீர்கள் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது!"

ராஜாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பொன்னாடையைக் கொண்டுவரச் சொன்னார். புலவர் தோளைக் குனிந்து காட்டினார்.

"நிமிரும் ஐயா, நிமிரும்! நீர் குனிந்தவரைக்கும் போதும்" என்று சொல்லிக்கொண்டே, பொன்னாடையை அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டார் ராஜா.