பந்தலுக்கு வந்த கிருத்திகை

மைக்கைப் பிடித்தால் கடவுளையே ஓடஓட விரட்டுவார் பேச்சாளர் எழில்மாறன். அவருடைய ஒரே மகள் அறிவுக்கொடிக்கோ முருகன் என்றால் உயிர்.

"சாமிக்காக என் வீட்டில் யாரும் பட்டினி கிடக்கக் கூடாது. கிருத்திகையன்று என் கண்ணெதிரே மூன்று வேளையும் சாப்பிடணும்!"

"உங்க பேச்சைத் தட்டுவேனாப்பா?" என்றாள்.

அடுத்த வாரம் குடிதண்ணீர் கேட்டு உண்ணாவிரதப் போராட்டம் அறிவித்தார். குடும்பத்தோடு உட்காருவதாகச் சபதம் வேறு.

"வெள்ளிக்கிழமை வைங்கப்பா, கூட்டம் வரும்" என்றாள் மகள். பஞ்சாங்கம் பார்ப்பது கொள்கைக்கு இழுக்கு என்பதால் அவரும் தலையாட்டினார்.

வெள்ளியன்று முருகன் கோயிலுக்குப் போனவர்கள் பந்தலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "அய்யாவே கிருத்திகை விரதமா!"

எழில்மாறன் மகளை முறைத்தார்.

"நீங்க சொல்லித்தான் பட்டினி கிடக்கேன்ப்பா. முருகன் அதைத் தன் கணக்குல சேர்த்துக்கிட்டா நான் என்ன பண்ண? உங்களையும் சேர்த்துத்தான்!"