நடுக் கணினி

மலையடிவாரத்து மடம் ஒன்றில் ஆளுக்கொரு தொண்டு உண்டு. தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற விருத்தகிரிக்கு, ஒரு கணினியைப் பார்த்துக்கொள்வது தொண்டு. அவரைவிடப் பதினெட்டு வயது இளையவரான சிவகாமி அம்மை, அவரைச் சீடராகச் சேர்த்துக்கொண்ட அன்று கொடுத்தது அது.

அடிக்கிற கணவனுக்குத் தெரியாமல் உதவி தேடுகிற பெண், மேலதிகாரியின் லஞ்சத்தை வெளியே சொல்ல நினைக்கிற குமாஸ்தா, இப்படிப்பட்டவர்கள் இணையத்தில் பெயர் மறைத்துப் போக ஒரு வழி இருக்கிறது. அவர்களுடைய செய்தி மூன்று கணினிகள் கைமாறிப் போகும். மூன்றாவதுதான் வலைத்தளத்தின் கதவைத் தட்டும். விருத்தகிரியுடையது நடுக் கணினி. மூடிய கடிதத்தை வாங்கி, மூடியபடியே அடுத்த கணினிக்குக் கொடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

ஒரு நாள் அவர் தங்கை செண்பகத்தின் கண்புரைக்கு இலவச அறுவைச் சிகிச்சைப் பதிவு. நாற்பதே இடம். பத்து மணிக்கு ஆஸ்பத்திரியின் வலைத்தளம் திறந்ததும் மடத்து இணைப்பில் உள்ளே போகப் பார்த்தார். உங்களுக்கு அனுமதி இல்லை என்று வந்தது. ஐந்தாறு முறை முயன்றும் அதே பதில்.

மடத்து லேண்ட்லைனில் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். உங்கள் இணைய முகவரி கெட்டவர்கள் பட்டியலில் இருக்கிறது என்றார் எடுத்தவர். நாங்கள் என்ன செய்தோம் என்று இவர் கேட்டார். அது தெரியாது, பட்டியல் வெளியிலிருந்து வாங்கியது, ஒன்றும் செய்யாமலா அதில் பெயர் வரும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

விருத்தகிரிக்கு விளங்கிவிட்டது. மடத்து இணைப்புக்கும் அவருடைய நடுக் கணினிக்கும் முகவரி ஒன்றுதான். செய்தி கைமாற்றுகிற கணினிகளின் முகவரியெல்லாம் ஊரறிய எழுதி வைத்திருப்பவை. எது எந்த வேலை செய்கிறது என்பதும் பக்கத்திலேயே இருக்கும். எவனோ ஒரு சோம்பேறி அதைப் படிக்காமல் மொத்தமாகப் பட்டியலில் அள்ளிப் போட்டிருக்கிறான். யார் கதவையும் தட்டாதவருக்குத் திருட்டுப் பட்டம். இதற்குப் பெயர் பாதுகாப்பாம்!

அவர் ஓடிவந்து சொன்னதைக் கேட்டதும் அம்மை எழுந்தார். செல்போனை எடுத்துக்கொண்டு மடத்துக்குப் பின்னால் இருக்கும் பாறையில் ஏறினார். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். விருத்தகிரியும் மூச்சு வாங்க ஏறினார்.

மேலே போனதும், மடத்து இணைப்பு இல்லாமல் செல்போன் இணைப்பில் அதே வலைத்தளம் சட்டென்று திறந்தது. ஆனால் நாற்பது இடமும் நிரம்பியிருந்தது. அடுத்த பதிவு மூன்று மாதம் கழித்து என்று போட்டிருந்தது.

விருத்தகிரி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"செவுத்தத் தடவிக்கிட்டுதான் அடுப்படிக்குப் போறா, அம்மா. அவகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

"நடந்ததைச் சொல்லுங்க ஐயா. கோபம் வருதா?"

"வயிறு எரியுது."

"எனக்கும்தான். நாளைக்கு ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்கே போவோம். செண்பகத்துக்கு ஒரு தேதி கொடுத்து, அந்தப் பட்டியலையும் திருத்தற வரைக்கும் நான் அங்கேருந்து எழுந்திருக்க மாட்டேன்."

விருத்தகிரி முகத்தைத் துடைத்துக்கொண்டார். கீழே மடத்து ஓட்டுக்கூரை தெரிந்தது.

"யார் யாருக்கோ வழிவிட்டு என் தங்கச்சிக்கு வழி இல்லாமப் பண்ணிட்டேன். இப்பவே போய் அந்தக் கணினியை நிறுத்திடறேன்."

"நிறுத்துங்க. அது வழியாப் போயிட்டிருக்கிறவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு நிறுத்துங்க."

"அவங்க யாருன்னே எனக்குத் தெரியாதே, அம்மா."

"அதனாலதான் உங்களை நம்பி வந்தாங்க."