கடலைத்தோல் பெஞ்சு

பயன்படுத்தினால் தேய்ந்துவிடும் என்று மூளையைப் பத்திரமாக வைத்திருந்த அண்ணன் தம்பிகள் மூன்று பேர் பொட்டுக்காட்டூரில் இருந்தார்கள். மூத்தவன் பொன்னுரங்கம் யானைக் கனம். நடுவன் தாண்டவன். கடைக்குட்டி ஏகாம்பரம் ஒல்லி. காற்றடித்தால் கதவைப் பிடித்துக்கொள்வான். அவனுக்குத்தான் பெண் பார்த்திருந்தார்கள். செண்பகவல்லியைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இன்னும் இளைத்துவிட்டான், பாவம்.

பெண்ணின் அப்பா ஆதிமூலம் வீடு பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். வீட்டில் உட்கார ஒன்றும் இல்லை. களத்தில் கடலைத் தோல் மலையாகக் கிடந்தது. அதை இடித்து, பசையில் பிசைந்து, அழுத்திப் பலகையாக்கி, கால் வைத்துப் பெஞ்சு செய்தார்கள். ஆதிமூலம் உட்கார்ந்தார். பெஞ்சு இரண்டாகப் போனது, அவர் தரைக்குப் போனார்.

“ஒரு ஆளைத் தாங்க முடியல, என் பொண்ணை எப்படிய்யா தாங்குவீங்க? வர்ற வெள்ளிக்கிழமை மறுபடியும் வர்றேன். உக்காந்து எந்திரிச்சேன்னா கல்யாணம். இல்லேன்னா வேற இடம்.”

ஏகாம்பரம் ஓவென்று அழுதான். மூவரும் வரதன் ஆசாரியிடம் ஓடினார்கள்.

“கடலைத் தோலுக்கு ஏதுப்பா வலு? பலகைக்கு மேலயும் கீழயும் மெலிசா சீவின மரத்தாள் ஒட்டுங்க. வினீர்னு கேட்டா கடையில குடுப்பாங்க. பசை காயற வரைக்கும் நல்ல பாரமா வைங்க. அசையவே கூடாது” என்றார் ஆசாரி. நல்ல மனிதர். கூடவே போகாததுதான் அவர் செய்த தப்பு.

வாங்கி வந்த தாளைப் பொன்னுரங்கம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

“இது அப்பளமாட்டம் இருக்கேடா! பலகையும் நோஞ்சான், இதுவும் நோஞ்சான். ரெண்டு நோஞ்சான் சேந்தா வலு எப்படி வரும்?”

“அண்ணே, நீயும் முட்டாள், நானும் முட்டாள். சேந்து உக்காந்தா நமக்கு யோசனை வரலையா?” என்றான் தாண்டவன்.

ஆதாரம் கண்முன்னே உட்கார்ந்திருந்ததால் பொன்னுரங்கம் ஒத்துக்கொண்டான்.

புதுப் பெஞ்சு செய்து மேலே தாள் ஒட்டினார்கள். கீழே ஒட்டுவதற்காகப் பெஞ்சைக் கவிழ்த்தார்கள்.

“அண்ணே, மோசம் போனோம்! கீழ்ப்பக்கம் மேல வந்துடுச்சே! ஆசாரி கீழதானே ஒட்டச் சொன்னாரு?” என்று அலறினான் தாண்டவன்.

பதறிப்போய் நிமிர்த்தி வைத்தார்கள். தாண்டவன் பெஞ்சுக்கு அடியில் புகுந்து ஒட்டினான். தாள் விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் மண்டி போட்டு, முதுகாலேயே முட்டுக்கொடுத்துவிட்டான். அடுத்தது பாரம். வீட்டிலேயே பெரிய பாரம் பொன்னுரங்கம்தான். மேலே ஏறி உட்கார்ந்தான். பசை வீணாகக் கூடாது என்று மிச்சத்தையெல்லாம் தாளின் மேலேயே பூசியிருந்தான்.

அன்று வெள்ளிக்கிழமை. பசை காய்வதற்குள் ஆதிமூலம் வந்துவிட்டார்.

“பெரிய மனுஷன் வந்தா எந்திரிக்க மாட்டியாப்பா?”

“மன்னிக்கணும் மாமா, நான் பாரம். அசையக் கூடாது.”

ஆதிமூலம் பக்கத்தில் உட்கார்ந்தார். பெஞ்சு முனகக்கூட இல்லை. தாங்கியது பலகையா, தாண்டவன் முதுகா என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை. ஏகாம்பரம் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

ஆதிமூலம் எழுந்தார். வேட்டி எழவில்லை. பட்டாபட்டி டிராயரோடு நின்றாலும் மனிதர் வாக்குத் தவறாதவர்.

“உக்காந்தேன், எந்திரிச்சேன். கல்யாணம் உண்டு. பெஞ்சு நல்லா வலுவாயிடுச்சு. மாப்பிள்ளைதான் இன்னும் நோஞ்சானா இருக்காரு.”

ஏகாம்பரத்தின் முகம் சுருங்கிவிட்டது. மேலே இருந்த அண்ணன் கீழே இருந்த தம்பியைக் கூப்பிட்டான்.

“டேய், தாள் மிச்சம் இருக்கில்ல?”

கல்யாணத்தன்று செண்பகவல்லி மாலையும் கழுத்துமாக மணமேடைக்கு வந்தாள். பொன்னுரங்கம், தாண்டவன், அவளுடைய அப்பா, அத்தை, மாமன் என்று சொந்தபந்தம் எல்லாம் நெருக்கியடித்து வரிசையாக உட்கார்ந்திருந்தது. ஒருவரும் அசையவில்லை.

“அப்பா, மாப்பிள்ளை எங்கே?”

“எங்களுக்கு அடியில காஞ்சிட்டிருக்காரும்மா” என்றார் ஆதிமூலம். “நீயும் வந்து உக்காரு. முகூர்த்தத்துக்குள்ள காயணும், இன்னும் கொஞ்சம் பாரம் வேணும்.”