மன்னர் தோண்டிய பூசணி

அவரைநாட்டு மன்னர் மகுடவர்மருக்கு ஒரு நாள் பீர்க்கங்காய்த் துவையல் சாப்பிடக் கிடைத்தது. ஊரில் யாரோ ஒரு பெண்மணி தன் வீட்டுக் கொல்லையில் பறித்து அரைத்தது. அவ்வளவுதான், தலைகால் புரியவில்லை அவருக்கு. மறுநாளே முரசு அறைந்தாயிற்று: "வீட்டுக்கு வீடு தோட்டம்!"

தோட்டம் என்றால் சும்மா வந்துவிடுமா? யாராவது சொல்லித்தர வேண்டாமா? அந்த வேலைக்குத் தையல்நாயகியைப் போட்டார்கள். சபையில் இருந்த ஒரே பெண் அவள். நகத்தில் மண் ஒட்டியிருந்த ஒரே ஆளும் அவள்தான்.

சந்தைத் திடலில் பாத்தி கட்டிக் காட்டினாள். "ஒரு விரற்கடை ஆழம் போதும். ரொம்ப ஆழத்தில் புதைக்க விதை என்ன செத்தா போச்சு? அரிசி கழுவின தண்ணியைச் சாக்கடையில் கொட்டாதீங்க, செடிக்கு ஊத்துங்க. பூச்சி வந்தா அடுப்புச் சாம்பலைத் தூவுங்க." கேலி பேச வந்த ஆண்கள்கூட ஆளுக்கு ஒரு பிடி பூசணி விதை வாங்கிக்கொண்டு போனார்கள்.

இது அமைச்சர் ஏகாம்பர ராயருக்கு ஆகவில்லை. அடுத்தவர் செய்யும் வேலையை மேற்பார்வை பார்ப்பதுதான் அவருடைய வேலை.

"மன்னா, ஜனங்கள் விதையை ஊன்றினார்களா, வறுத்துத் தின்றார்களா, யார் கண்டது? தினமும் தோண்டிப் பார்த்துவிடுவோம்" என்றார்.

மன்னருக்கு ஒரே குதூகலம். வெள்ளியில் ஒரு களைக்கொத்து செய்துகொண்டார். விடிந்தால் போதும், வீடு வீடாகப் போய் மண்ணைக் கிளறுவார், விதையை எடுப்பார், வெயிலில் தூக்கிப் பிடிப்பார். "முளைத்ததா?" "இன்னும் இல்லை மன்னா!" மறுபடி புதைப்பார்.

தையல்நாயகி ஒருமுறை வாயைத் திறந்தாள். "மன்னா, இப்படித் தோண்டினால்..." "ஆராய்ச்சி வேண்டாமா அம்மா?" என்று அவள் வாயை அடைத்துவிட்டார்.

பத்து நாள் ஆயிற்று. ஊர் முழுக்க ஒரு முளை இல்லை. "அக்கா, எங்க வீட்டு விதைக்கு என்னைவிட ராஜாவைத்தான் நல்லாத் தெரியும்!" என்று தையல்நாயகியிடம் சொன்னாள் வண்ணாரத் தெரு ராக்காயி.

சபையில் ராயர் எழுந்தார். "பாடம் சொன்னவருக்கே பாடம் தெரியவில்லை மன்னா."

மன்னர் முகம் சிவந்தது. "தையல்நாயகி! இன்னும் எட்டு நாள். எட்டாம் நாள் எந்தப் பாத்தியில் முளை இல்லையோ, அதற்குக் காரணமானவர் ஆற்றைத் தாண்டிப் போய்விட வேண்டும். இது ஆணை!"

அவள் பிறந்த ஊர், வளர்த்த தோட்டம், எல்லாம் ஆற்றுக்கு இந்தப் பக்கம். ஆனாலும் கும்பிட்டாள். "ஆணைப்படியே. நாளைக் காலை என் வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டுத் தோண்டப் போகலாமே?"

இட்லி என்றதும் மன்னர் ராயரையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். இலை போட்டாயிற்று. துவையல் வைத்தாயிற்று. தையல்நாயகி இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றி, தட்டில் மாவை ஊற்றி மூடினாள். உடனே திறந்தாள். ஒரு இட்லியைக் குத்திப் பார்த்தாள். மூடினாள். திறந்தாள். இன்னொன்றைக் குத்தினாள்.

"ஆயிற்றா?" என்றார் மன்னர்.

"பார்த்துக்கொண்டே இருக்கிறேன் மன்னா."

அரை நாழிகை போயிற்று. ஒரு நாழிகையும் போயிற்று. மன்னர் வயிறு முரசு கொட்டியது. இட்லித் தட்டில் மாவு மாவாகவே இருந்தது.

மன்னர் இலையைத் தள்ளிவிட்டு எழுந்தார். "தையல்நாயகி! நொடிக்கொரு தரம் திறந்தால் எப்படியம்மா வேகும்?"

"வேகிறதா என்று பார்க்க வேண்டாமா? நம்மை ஏமாற்றிவிட்டால்?"

"இட்லி எங்கேயாவது ஏமாற்றுமா?"

"பூசணி விதை மட்டும் ஏமாற்றுமா மன்னா?"

மன்னர் தன் இடுப்பில் செருகியிருந்த வெள்ளிக் களைக்கொத்தைப் பார்த்தார். ராயரைப் பார்த்தார். ராயர் துவையலைப் பார்த்தார்.

"மூடி வை" என்றார் மன்னர், ரொம்பச் சின்னக் குரலில். கொஞ்ச நேரத்தில் இட்லி வெந்தது. பதினான்கு சாப்பிட்டார். அன்றே ஊரார் புது விதை ஊன்றினார்கள்; அரண்மனையிலும் ஒரு பாத்தி போட்டார்கள். ஊரார் கொல்லை எதற்கும் தோண்டிப் பார்க்க யாரும் போகவில்லை.

எட்டாம் நாள் மூவரும் தெருத் தெருவாக நடந்தார்கள். எங்கே பார்த்தாலும் முளை! ராக்காயி வீட்டுப் பாத்தியில் பதினொன்று. மன்னர் குழந்தைபோல் கைகொட்டினார். கடைசியில் அரண்மனைப் பாத்திக்கு வந்தார்கள்.

வெறும் மண்.

ராயர் துள்ளிக் குதித்தார். "பார்த்தீர்களா? முளை இல்லை! ஆணைப்படி காரணமானவர் இப்போதே ஆற்றைத் தாண்டட்டும்! யாராக இருந்தாலும் சரி, தயவு தாட்சண்யம் கூடாது!"

மன்னர் தொண்டையைக் கனைத்தார். "ஒரே ஒரு தடவைதான் எடுத்துப் பார்த்தேன்..." என்றார். "தினமும்."

துள்ளிய ராயர் அவசரமாக இரண்டு அடி பின்வாங்கினார்.

"ஆணை ஆணைதான்" என்று மன்னர் பெருமூச்சு விட்டார். "நான் போய்த்தான் ஆக வேண்டுமா, தையல்நாயகி?"

"ஒரு எட்டு நாள் மட்டும் அந்தக் கரையில் இருந்துவிட்டு வாருங்கள் மன்னா" என்றாள் அவள். "அதற்குள் முளைத்துவிடும்."

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் பாத்தியில் விழுந்தது. முத்துமாலையைக் கழற்றி அவளிடம் தந்தார். வெள்ளிக் களைக்கொத்தையும் தந்தார். பிறகு நிஜமாகவே படகில் ஏறி உட்கார்ந்து, துடுப்பை ராயர் கையில் கொடுத்தார்.