மஞ்சணத்திக் குட்டையின் பச்சை

சவரிமுத்துவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருடைய குரு பூரணிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்திக்கொண்டிருந்த மனிதர், தலை நரைத்த பிறகு ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று அவளுடைய கல்லூரிக்கு வந்து நின்றார். ஊரில் சிரித்தார்கள். பூரணி சிரிக்கவில்லை. நுண்ணோக்கியைக் காட்டி, "உக்காருங்க சார்" என்றாள். அன்றிலிருந்து அவர்தான் அவளுக்கு ஒரே சீடர்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த மஞ்சணத்திக் குட்டையைத்தான் அவர் ஆராய்ந்தார். அதன் ஒரு சொட்டுத் தண்ணீரில் ஒரு ஊரே இருந்தது. செருப்பு வடிவில் நீந்துகிறவை, தண்டின் நுனியில் மணிபோல ஆடுகிறவை, கண்ணாடிப் பெட்டிக்குள் குடியிருக்கிறவை. ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல். தின்பதும் ஓடுவதும் பெருகுவதும் அந்த ஒரு செல்லுக்குள்தான்.

அவற்றில் ஒன்றின்மேல் அவருக்குப் பைத்தியம். அதுவும் செருப்பு வடிவம்தான், ஆனால் பச்சை. பாசியின் செல்களை விழுங்கும், செரிக்காது. விழுங்கப்பட்ட பாசி உள்ளேயே உயிரோடு இருந்து, வெயிலில் சாப்பாடு செய்து கொடுக்கும். அந்த வகையை வேறெங்கும் யாரும் பார்த்ததில்லை.

குட்டையை மண் போட்டு மூடி வணிக வளாகம் கட்டினார்கள். அதற்கு முன்பே சவரிமுத்து அந்த உயிரிகளைக் கண்ணாடிக் குழாய்களில் கொண்டுவந்து, ஆய்வகத்துச் சன்னலோரம் அடுக்கிவிட்டார். அதன் பிறகு அந்தப் பச்சைக்கு உலகத்தில் இருந்த ஒரே இடம் அந்தச் சன்னல்.

கோடை விடுமுறையில் பூரணி தேர்வுத்தாள் திருத்த வெளியூர் போனாள். இங்கே வெயில் கொளுத்தியது. குழாய்களுக்குள் தண்ணீர் கொதித்துவிடும் என்று சவரிமுத்து பயந்துபோனார். எல்லாக் குழாய்களையும் ஈரத்துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். இருட்டில் பட்டினி கிடக்குமே என்று, புது மாப்பிள்ளையைக் கவனிப்பதுபோல அவித்த கோதுமை மணிகளை ஓயாமல் போட்டார். கோதுமையில் பாக்டீரியா பெருகும், அதைத் தின்று பிழைத்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டார்.

கணக்கு சரிதான். தின்றன, கொழுத்தன, பெருகின. இருட்டில் பாசியால் எதையும் செய்து கொடுக்க முடியவில்லை. சும்மா கிடந்த பாசியையும் செரித்துவிட்டன. எல்லாம் பாசத்தில் செய்ததுதான். உயிரிக்கு அது தெரியுமா என்ன.

பூரணி திரும்பி வந்தபோது அவர் அலமாரிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

"எல்லாம் வெளுத்துட்டு மேடம்."

"ஒரு குழாய்லகூடப் பச்சை இல்லையா?"

"இல்ல."

"சன்னல்ல ஒண்ணாவது விட்டு வைக்கலயா சார்?"

"எத விட்டு வைப்பேன்? எனக்கு எல்லாம் ஒண்ணுபோலத்தான?"

பூரணி ஒவ்வொரு குழாயாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். வெறும் தண்ணீர்போலத்தான் இருந்தன. திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

"விழுங்கினத செரிக்காம வச்சுக்கிடணும்னு இது கத்துக்கிட எத்தனை கோடி வருசம் ஆச்சோ" என்றார் சவரிமுத்து. "ஒரு லீவுல மறக்க வச்சுட்டேன். இனி நான் இங்க என்னத்துக்கு மேடம்?"

அவள் வாசல் தண்ணீர்த் தொட்டிக்குப் போய், அதன் ஓரத்தில் படிந்திருந்த பாசியைக் கொஞ்சம் தண்ணீரோடு கிண்ணத்தில் எடுத்து வந்தாள். வெளுத்த உயிரி ஒன்றைக் கண்ணாடிச் சில்லில் விட்டாள். பக்கத்தில் பாசித் தண்ணீர் ஒரு சொட்டு. சில்லை நுண்ணோக்கியில் வைத்து அவரைப் பார்க்கச் சொன்னாள்.

"என்ன செய்யுது?"

"அலையுது... கிட்ட போகுது. விழுங்கிட்டு."

"ம்."

"உள்ள நாலஞ்சு பச்சை நிக்கு மேடம்."

மேசைமேல் வைத்த டீ ஆறிப்போனது. அவர் கண்ணை எடுக்கவில்லை.

"மஞ்சளாகுது" என்றார். சற்றுப் பொறுத்து, "பழுப்பாயிட்டு. செரிச்சுட்டு" என்றார்.

அவள் இன்னொரு சொட்டு வைத்தாள். அதையும் விழுங்கியது. அதையும் செரித்தது.

சவரிமுத்து நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வேண்டாம் மேடம். இது தொட்டிப் பாசி. அந்தக் குட்டைப் பாசி இல்ல. இத உள்ள வச்சுக்கிட இதுக்குத் தெரியாது."

"முதமுதல்ல விழுங்குனதுக்கு மட்டும் தெரிஞ்சிருந்துச்சா?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அது ஒரு தடவை செரிக்காம விட்டுச்சு. அதுக்கு முன்னாடி எத்தனை தடவை செரிச்சிருக்கும்?"

"அதுக்கு ஏது கணக்கு?"

பூரணி தலையசைத்தாள். சன்னலோரம் காலியாகக் கிடந்தது. வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை.

"பச்சை ஒருநாள் உள்ள நிக்கும்னே வச்சுக்கிடுவோம்" என்றார் அவர். "அதப் பாக்க நான் இருப்பேனா மேடம்?"

"இருக்க மாட்டீங்க சார். நானும் இருக்க மாட்டேன்."

பாசிக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அடுத்த சொட்ட வைங்க."