அளவு ஜாக்கெட்

ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போனால் கையில் என்ன கொண்டுபோவீர்கள்? பழைய ஜாக்கெட் ஒன்றைத்தானே? "இந்த அளவுக்கே தைச்சிருங்க" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் வைத்த பால் நினைப்பில் ஓடி வந்துவிடுவோம்.

லூர்து டீச்சர் வகுப்பில் அது மட்டும் நடக்காது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ஆடை வடிவமைப்பு நடத்துகிறவர். முதல் நாளே சொல்லிவிட்டார்: அளவு ஜாக்கெட் கூடாது, ஆளை நிறுத்தி டேப் வைத்து அளந்துதான் வெட்ட வேண்டும்.

செய்முறைத் தேர்வுக்கு வீட்டில் யாராவது ஒருவருக்கு ஜாக்கெட். கோகிலவாணி தன் அம்மாவுக்குத் தைத்தாள். மயில்கழுத்து நிறம், அம்மாவே ஆசைப்பட்டுக் கேட்டது.

டீச்சர் அதை உள்ளும் புறமுமாகத் திருப்பிப் பார்த்தார்.

"தையல் அச்சு மாதிரி இருக்கு. யாரை அளந்தே?"

"அம்மாவைத்தானுங்க டீச்சர்."

"பொய் சொல்லாத புள்ள. இடது கை அரை இஞ்ச் லூசு. பழைய ஜாக்கெட்டுல எந்த டைலரோ பண்ணின தப்பு, இதுலயும் அப்படியே வந்திருக்கு."

பின்பெஞ்சு மாலினி சும்மா இருப்பாளா? "பரீட்சையிலயும் அவ அப்படித்தான் டீச்சர். என்னைப் பார்த்து என் தப்பையும் சேர்த்து எழுதுவா."

வகுப்பே சிரித்தது. கோகிலவாணியும் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

மணி அடித்து எல்லோரும் போன பிறகு டீச்சர் கேட்டார்.

"அம்மா ஊர்ல இல்லையா?"

"வீட்டுலதானுங்க. கட்டில்ல. வயித்துல கட்டி. இனிமே வீட்டுலயே வச்சுப் பாத்துக்கங்கன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க."

டீச்சர் அந்த ஜாக்கெட்டை மடித்து மேசைமேல் வைத்தார்.

"பழைய ஜாக்கெட் முப்பத்தெட்டுங்க டீச்சர். இப்ப அளந்தா எவ்வளவு வருமோ, அதை என் கையால நோட்டுல எழுத முடியாதுங்க. அளக்காம விட்டா என்னங்க? எங்கம்மா முப்பத்தெட்டாவே இருந்துட்டுப் போகட்டுமே."

டீச்சர் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அவள் கையில் கொடுத்தார். இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

"என்னை அள."

டேப்பை முதுகுப் பக்கம் கொண்டுபோக வேண்டுமே. கோகிலவாணி இரண்டு கைகளையும் டீச்சரைச் சுற்றிப் போட்டாள். கன்னம் தோளில் பட்டது. பட்ட இடத்திலேயே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டேப் நழுவித் தரையில் விழுந்தது. கைகளை அவள் எடுக்கவில்லை. தூக்கிய கைகளை டீச்சரும் இறக்கவில்லை.

வெகுநேரம் கழித்து, "எவ்வளவு வந்துச்சு?" என்றார்.

"பார்க்கலைங்க டீச்சர்."

"அம்மாவையும் அப்படியே அள. நோட்டுல எதையும் எழுத வேண்டாம்."

அன்று சாயங்காலம் அவள் அம்மாவைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்தாள்.

"என்ன டைலரம்மா, வீட்டுக்கே வந்து அளக்கறீங்களா?" அம்மாவுக்கு நக்கல் மட்டும் குறையவில்லை.

"கையைக் கொஞ்சம் தூக்கும்மா."

இரண்டு மாதமாக மாத்திரை கொடுக்கவும் போர்வை மாற்றவும்தான் எல்லோரும் அந்த உடம்பைத் தொட்டார்கள். கோகிலவாணி சுற்றிக் கை போட்டாள். டேப் சீக்கிரமே சுற்றி வந்துவிட்டது. மீதி அவள் மடி நிறையக் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு மெதுவாக டேப்பைச் சுருட்டினாள்.

அம்மா தூக்கிய கையை இறக்கவில்லை.

"அதுக்குள்ள முடிஞ்சுதா கண்ணு? சரியா அளந்தியோ என்னமோ. இன்னொருக்கா அளந்து பாரேன்."