விலை கூடிய பெட்டி

சௌந்தரவல்லியிடம் ஒலிப்பதிவு கற்க வந்தவர்களில் தெய்வசிகாமணிதான் வயதில் மூத்தவர். டீச்சருக்கு முப்பத்தாறு. அவருக்கு ஐம்பத்திரண்டு. டெலிபோன் இலாகாவில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஒட்டன்சத்திரத்தில் தன் வீட்டு முன்னறையை ஒலிப்பதிவு அறையாக மாற்றியிருந்தார். கடைத் திறப்பு அறிவிப்பு, ஆட்டோவில் கட்டும் விளம்பரம், கோயில் விழா அழைப்பு. இவைதான் அவருக்கு வந்த வேலைகள். சனிக்கிழமைதோறும் பஸ் ஏறித் திண்டுக்கல்லுக்கு டீச்சரிடம் வருவார்.

ஒரு சனிக்கிழமை அவர் கேட்டார்.

"டீச்சர், விலை கூடின இன்டர்ஃபேஸ் வாங்கினா அந்த விலைக்குத் தகுமா?"

மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே இருக்கும் சின்னப் பெட்டிக்குத்தான் இன்டர்ஃபேஸ் என்று பெயர். மைக்கில் விழும் குரலை அது கம்ப்யூட்டருக்குள் கொண்டு போகும். அவரிடம் இருந்தது ஒன்பதாயிரம் ரூபாய்ப் பெட்டி. அவர் ஆசைப்பட்டது ஒரு லட்சத்துக்கு மேல்.

டீச்சரிடம் இரண்டு விதமும் இருந்தன. ஒரே மைக்கை முதலில் இதிலும் பிறகு அதிலும் மாட்டி, ஹெட்ஃபோனை அவரிடம் கொடுத்தார். மலிவான பெட்டியில் குரலுக்குப் பின்னால் மெல்லிய இரைச்சல் ஒன்று இருந்தது, எங்கோ தூரத்தில் அடுப்பில் எண்ணெய் காய்வது போல. மற்றதில் அது இல்லை.

"கேட்டுச்சா அண்ணே?"

"கேட்டுச்சு."

"அதுதான் வித்தியாசம்."

"அப்போ வாங்கலாமா?"

"உங்க ரூமுக்கு ஒரு நாள் வந்து பார்த்துட்டுச் சொல்றேன்."

அவருக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கே பணம் கட்டிவிட்டார். பெட்டி வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அன்றிலிருந்து தன் பழைய பதிவுகளை எடுத்துப் போட்டுக் கேட்கும்போதெல்லாம் அந்த இரைச்சல்தான் அவர் காதில் முதலில் விழுந்தது. இத்தனை வருஷம் இதைத்தான் ஊருக்குக் கொடுத்தோமா என்று கூசியது.

அந்த வாரத்தில் சண்முகவடிவு என்ற பெண் அவரைத் தேடி வந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. கூடவே அவள் அப்பா மயில்வாகனன். காய்கறி மார்க்கெட்டில் முப்பது வருஷம் தக்காளி ஏலம் கூறியவர். அவர் குரல் மார்க்கெட்டின் எந்த மூலையில் நின்றாலும் கேட்கும் என்பார்கள். இப்போது தொண்டையில் புற்றுநோய். இருபதாம் தேதி மதுரையில் ஆபரேஷன். குரல்வளையையே எடுக்கப் போகிறார்கள்.

"வயித்துல இருக்கிறதுக்கு எங்கப்பா குரலைக் காட்டணும் சார்," என்றாள் அவள். "செல்போன்ல எடுத்துப் பார்த்தோம். எனக்குத் திருப்தியா இல்ல. அழிச்சுட்டேன். நல்லா எடுத்துக் குடுங்க."

மயில்வாகனன் மகளை வெளியே இருக்கச் சொன்னார். அவள் முன்னால் பேச வராதாம். தெய்வசிகாமணி கதவைச் சாத்தி, மைக்கைச் சரி செய்து, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார்.

மயில்வாகனன் பதினொரு நிமிடம் பேசினார். குரல் கம்மியிருந்தது. இருமல் வந்ததும் கையைக் காட்டி நிறுத்திக்கொண்டார்.

அவர்களை வெளியே உட்காரவைத்துவிட்டுத் தெய்வசிகாமணி ஹெட்ஃபோனில் பதிவைக் கேட்டார். இரைச்சல் இருந்தது. மயில்வாகனன் குரல் இப்போது தாழ்ந்து போயிருந்ததால் ஒலியைக் கூட்டி வைத்திருந்தார். இரைச்சலும் சேர்ந்து கூடியிருந்தது. மறுபடி கேட்டார். மூன்றாவது முறையும் கேட்டார்.

"அம்மா, எனக்குப் புதுப் பெட்டி ஒண்ணு வருது. பதினெட்டாம் தேதி கைக்கு வந்துரும். அப்போ ஒருவாட்டி வாங்க. சுத்தமா எடுத்துரலாம்."

"இது நல்லா இல்லையா சார்?"

"இது சும்மா ட்ரையல்தாம்மா."

மயில்வாகனன் அவரைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டார்.

அவர்கள் தெரு முனை திரும்புவதற்குள் தெய்வசிகாமணி அந்தப் பதிவை அழித்துவிட்டார். தன் அறையிலிருந்து இப்படி ஒன்று வெளியே போய், யாராவது கேட்டு, யார் எடுத்தது இது என்று கேட்டுவிடக் கூடாது. அவ்வளவுதான் அப்போது அவர் நினைத்தது.

பதினான்காம் தேதி ஆஸ்பத்திரியிலிருந்து மயில்வாகனனுக்கு அழைப்பு வந்தது. ஒரு நோயாளி வராததால் இடம் காலியாக இருக்கிறது, தள்ளிப்போடுவது நல்லதல்ல, உடனே வாருங்கள் என்றார்கள். பதினைந்தாம் தேதி காலை ஆபரேஷன் முடிந்தது.

பெட்டி சொன்னபடி பதினெட்டாம் தேதி வந்தது. மறுநாள் சண்முகவடிவு போன் செய்தாள்.

"சார், அன்னைக்கு ட்ரையல்னு எடுத்தீங்களே, அதைக் குடுங்க. அது போதும்."

"அது... சரியா பதிவாகலம்மா."

அவள் சொன்னாள். "பரவால்ல சார். நீங்க என்ன பண்ணுவீங்க? உங்க மேல என்ன தப்பு இருக்கு."

அந்தச் சனிக்கிழமை அவர் திண்டுக்கல் போகவில்லை. அடுத்த சனிக்கிழமையும் போகவில்லை. மார்க்கெட் பக்கம் போவதையும் விட்டுவிட்டார். காய் வாங்க மனைவியை அனுப்பினார். மூன்றாவது வாரம் டீச்சரே ஸ்கூட்டரில் வந்து வீட்டு வாசலில் இறங்கினார்.

மேஜை மேல் பெட்டி பிரிக்கப்படாமல் இருந்தது.

"என்ன அண்ணே, இன்னும் பிரிக்கலையா?"

தெய்வசிகாமணி சொல்ல ஆரம்பித்தார். நடந்ததை எல்லாம் சொன்னார். போனில் சொன்ன பொய்யை மட்டும் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

டீச்சர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். அழிந்த பதிவுகளைத் தோண்டி எடுக்கும் மென்பொருள் ஒன்றை ஓடவிட்டார். மத்தியானம் வரை ஓடியது. செருப்புக் கடை விளம்பரம் வந்தது. கும்பாபிஷேக அழைப்பு வந்தது. போன வருஷம் அவர் வேண்டாமென்று அழித்த ஆட்டோ அறிவிப்பு ஒன்று, இரைச்சலோடு, முழுசாக வந்தது. மயில்வாகனன் குரல் வரவில்லை.

டீச்சர் கம்ப்யூட்டரை அணைத்தார்.

"இந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பிடறேன் டீச்சர்."

"எதுக்கு?"

"இதனாலதானே இப்படி ஆச்சு."

டீச்சர் பெட்டியைப் பிரித்தார். மைக்கை மாட்டி, ஹெட்ஃபோனில் சற்று நேரம் கேட்டார்.

"நல்ல பெட்டி. குடுத்த விலைக்குத் தகும். இது மேல ஒரு குறையும் இல்ல."

தெய்வசிகாமணி தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"வாங்க."

"டீச்சர், அவங்க என்னை மன்னிச்சுட்டாங்க. இப்போ போய்..."

"எதுக்கு மன்னிச்சாங்க?"

அவர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து ஸ்கூட்டரில் ஏறினார்.

மயில்வாகனன் வீட்டுக் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் துணி சுற்றியிருந்தது. மடியில் ஒரு நோட்டும் பேனாவும். தெய்வசிகாமணியைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். சண்முகவடிவு சிரித்த முகமாக வந்து, "உக்காருங்க சார், காபி போடறேன்," என்றாள்.

தெய்வசிகாமணி உட்காரவில்லை.

"அம்மா, நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். அன்னைக்கு அது பதிவாச்சு. நான்தான் அழிச்சுட்டேன்."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"ஏன் சார்?"

"இரைச்சல் இருந்துச்சு. கேக்கிறவங்க என் வேலையைப் பத்தி என்ன நினைப்பாங்களோன்னு..."

"அதுல எங்கப்பா குரல் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நல்லா கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா."

சண்முகவடிவு வயிற்றைப் பிடித்தபடி மெல்லச் சுவரோரம் உட்கார்ந்தாள். அழவில்லை, திட்டவும் இல்லை. அவள் திட்டினால் நன்றாக இருக்கும் என்று தெய்வசிகாமணிக்குத் தோன்றியது. டீச்சர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.

மயில்வாகனன் நோட்டில் எழுத ஆரம்பித்தார். நிறுத்தி நிறுத்தி எழுதினார். முடித்ததும் நோட்டைத் தெய்வசிகாமணியிடம் நீட்டினார்.

'போனது போகட்டும். அன்னைக்கு வலி மருந்து மயக்கம். என்ன பேசினேன்னு எனக்கே ஞாபகம் இல்லை. இப்போ யோசிச்சாலும் அப்படி வராது. நீங்க கேட்டீங்களே. நான் பேசினதை இதில் எழுதிக் கொடுங்க. பிள்ளைக்கு இவள் படிச்சுக் காட்டுவாள்.'

பேனாவையும் கொடுத்தார்.

சண்முகவடிவு அதை எட்டிப் படித்தாள். எழுந்து போய் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். அவர் எழுதுவதற்கு வசதியாக விளக்கையும் போட்டாள்.

தெய்வசிகாமணி உட்கார்ந்து, பேனாவின் மூடியைக் கழற்றினார். மூன்று முறை கேட்டது. பதினொரு நிமிடம், மூன்று முறை. கண்ணை மூடி நினைத்துப் பார்த்தார். இரண்டாவது நிமிடத்தில் இரைச்சல் கூடியது நினைவு வந்தது. ஐந்தாவது நிமிடத்தில் வெளியே ஒரு லாரி போனது. ஏழாவது நிமிடத்தில் மூச்சுக்காற்று மைக்கில் இடித்தது. கடைசியில் இருமல். அன்றைக்கு மயில்வாகனன் எதிரே உட்கார்ந்து உதட்டை அசைத்தது கண்ணில் தெரிந்தது.

ஒரு சொல்லும் வரவில்லை.

மயில்வாகனன் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெய்வசிகாமணி எழுந்து கதவருகே போனார். மற்ற இருவருக்கும் கேட்காதபடி சொன்னார்.

"டீச்சர், அவர் பேசினது எதுவும் எனக்கு ஞாபகம் இல்ல. இரைச்சல் மட்டும்தான் ஞாபகம் இருக்கு."

டீச்சர் அவர் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார்.

"இப்போ என்கிட்ட சொன்னதை எழுதிக் குடுங்க அண்ணே."